கிருதுமால் கரையில் வீடு: தூர்வாரிய பிறகும் தண்ணீர் தெருவுக்கு ஏறுவது ஏன்?

கேள்வி: "மதுரையில் கிருதுமாலை ஒட்டிய தெரு ஒன்றில் குடியிருக்கிறோம். நதி என்கிறார்கள், பார்த்தால் சாக்கடை. வருஷா வருஷம் தூர்வாருகிறார்கள். ஆனாலும் ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் தண்ணீர் தெருவுக்கு ஏறிவிடுகிறது, குளியலறை ஓட்டை வழியாக வீட்டுக்குள்ளும் வருகிறது. ஏன் இப்படி? நாங்கள் என்ன செய்யலாம்?"

பதில்: நதிதான். பாகவதத்தில் மச்ச அவதாரக் கதை வருகிறதே, திராவிட நாட்டு மன்னன் சத்தியவிரதன் நீர்க்கடன் செய்யும்போது உள்ளங்கைத் தண்ணீரில் ஒரு சிறு மீன் வந்து சேர்ந்ததாக. அது நடந்த இடமாகச் சொல்லப்படுவது கிருதமாலா நதி. மதுரைக்காரர்கள் அதுவும் நம் கிருதுமாலும் ஒன்றே என்பார்கள். ஊரை மாலைபோல் சுற்றி ஓடியதால் அந்தப் பெயர் என்பதும் வழக்கு. பாண்டியன் கொடியில் மீன் ஏறியதற்கும் இதையே காரணம் சொல்பவர்கள் உண்டு. இன்று கீரைத்துறைப் பக்கம் போய் நின்றால் இதையெல்லாம் நம்பக் கொஞ்சம் பக்தி வேண்டும்.

பெருமையை விடுங்கள், நதி வேலை செய்த விதம்தான் உங்கள் தெருவுக்கு முக்கியம். கிருதுமால் நாகமலை அடிவாரத்தில் துவரிமான் பக்கம் கிளம்பி, பொன்மேனி, எல்லீஸ் நகர், திடீர் நகர், கீரைத்துறை, சிந்தாமணி என்று நகரின் தென்பாதியைக் கடந்து, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்கள் வழியாகக் குண்டாற்றில் சேர்கிறது. தனக்கென்று வற்றாத ஊற்று எதுவும் இதற்கு இல்லை. மலையடிவார மழைநீரும், வழியில் உள்ள கண்மாய்கள் நிரம்பி மறுகால் பாயும் உபரியும்தான் இதன் தண்ணீர். ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு என்னும் உபரிநீர்த் திறப்பு வழியே அடுத்த கண்மாய்க்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போகும். பெருமழை பெய்தாலும் முதல் ஒன்றிரண்டு நாள் தண்ணீரைக் கண்மாய்கள் வாங்கி வைத்துக்கொள்ளும். வாய்க்காலுக்கு வருவது வடிகட்டிய மிச்சம். அதனால் வாய்க்கால் குறுகலாக இருந்தாலும் போதுமாக இருந்தது.

ஊர் வளர்ந்தபோது போனது இந்தத் தாங்கும் இடம். தல்லாகுளம், பீபிகுளம் என்று பெயரில் மட்டும் குளம் மிஞ்சிய இடங்கள் வைகையின் வடகரையில் இருக்கின்றன; உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாய் நிலத்தில். தென்கரையிலும் வயலும் குட்டையும் மனைகளாயின. முன்பு மண்ணில் இறங்கிய மழை இப்போது மொட்டை மாடி, சிமெண்டு முற்றம், தார் ரோடு வழியாகப் பத்து இருபது நிமிடத்தில் வாய்க்காலுக்கு வந்துவிடுகிறது.

இதைக் கணக்காகப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை என்று வையுங்கள். ஒரு ஹெக்டேர், அதாவது 10,000 சதுர மீட்டரில் அது 500 கன மீட்டர். கட்டடம் நெருங்கிய பகுதியில் அதில் 80 சதவீதம் ஓடிவரும் என்றால் 400 கன மீட்டர். வினாடிக்கு 111 லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு வினாடிக்கு 11 கன மீட்டர். இப்போது 6 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள வாய்க்கால் ஒன்றில் தண்ணீர் வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடினால் அது கொள்வது 18 கன மீட்டர். ஆக, சுமார் 1.6 சதுர கிலோமீட்டர் வீட்டுப் பகுதி ஒரே நேரத்தில் வடிந்தாலே அந்த வாய்க்கால் விளிம்பு தட்டிவிடும். அதற்கு மேல் வருவது தெருவுக்குத்தான். மதுரையின் ஆண்டு மழை ஏறத்தாழ 85 செ.மீ. தான்; பிரச்சினை மொத்த அளவில் இல்லை, ஒரு மாலைப் பொழுதில் கொட்டித் தீர்ப்பதில் இருக்கிறது.

இதில் அடிமண் சேர்ந்தால் என்ன ஆகும்? 2 மீட்டர் ஆழத்தில் அரை மீட்டர் வண்டல் படிந்தால், கால் பங்குதானே போச்சு என்று தோன்றும். இல்லை. குறுக்குவெட்டு குறைவதோடு ஓட்டத்தின் வேகமும் குறைவதால், கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எனவே தூர்வாருவது வீண் வேலை அல்ல. ஆனால் எங்கே, எப்போது, எந்தத் திசையில் என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்.

தூர்வாருவது கீழ்முனையிலிருந்து மேல் நோக்கி வர வேண்டும். மேலே வாரிவிட்டுக் கீழே விட்டால், வேகமாக வரும் தண்ணீர் கீழே வந்து முட்டி நிற்கும். உங்கள் தெரு நடுவில் இருந்தால் வாரியதன் பலன் உங்களுக்கு வெள்ளம்தான். காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் என்று கணக்குப் போட்டு அக்டோபரில் இயந்திரத்தை இறக்குவது வழக்கம். மதுரையில் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே மாலை நேர இடிமழை உண்டு. ஆகஸ்ட் பாதிக்குள் ஒரு சுற்று முடிந்திருக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் பாலங்களை மட்டும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்து, காயட்டும் என்று விடுவார்கள். இரண்டு நாளில் எடுக்காவிட்டால் முதல் மழையில் பாதி திரும்ப உள்ளே இறங்கிவிடும். ஆகாயத்தாமரைக்கும் இதே கதை. அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்; கரையிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளிப் பரப்பிக் காயவிட்டால் டன் கணக்கு கிலோ கணக்காகச் சுருங்கிவிடும், லாரிச் செலவும் மிச்சம். ஓரத்தில் போட்டால் ஈரத்திலேயே உயிர் பிடித்து மறுபடி இறங்கும்.

உண்மையான கழுத்து எது என்றால், சிறுபாலங்கள். வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பாலத்தின் அடித்திறப்பு விடும் தண்ணீர்தான் போகும். பாலத்துக்கு அடியில் குறுக்கே போகும் குடிநீர்க் குழாயையும் கேபிளையும் பாருங்கள். மெத்தை, தென்னை மட்டை, கல்யாண மண்டப வாழை இலை, பாலித்தீன் பை எல்லாம் முதலில் சிக்குவது அந்தக் குழாயில்தான். ஒரு மெத்தை சிக்கினால் போதும், அதன்மேல் மற்றதெல்லாம் ஒட்டிப் பத்து நிமிடத்தில் சுவராகிவிடும். மழை பெய்யும்போது பாலத்துக்கு மேல்பக்கத்திலும் கீழ்பக்கத்திலும் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் ஓரடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடைப்பு அந்தப் பாலத்தில்தான். வித்தியாசமே இல்லாமல் இரண்டு பக்கமும் ததும்பினால் அடைப்பு இன்னும் கீழே. மழை நேரத்தில் கைப்பேசியில் இரண்டு பக்கமும் எடுத்த படம், நேரத்தோடு, நூறு வரி மனுவைவிட மேல்.

குப்பையைத் தடுக்கக் கம்பித் தடுப்பு வைப்பது நல்ல யோசனைதான், தினமும் அள்ள ஆள் இருந்தால். செங்குத்தாக வைக்காமல் ஓட்டத்தின் திசையில் சாய்த்து வைத்தால் குப்பை மேல் நோக்கி ஏறும், வாருகோலால் இழுக்க எளிது. பெருமழை அறிவிப்பு வந்தால் தூக்கிவிடுகிற மாதிரி கீல் போட்டிருக்க வேண்டும். அள்ளாத கம்பித் தடுப்பு அணைக்கட்டுதான்.

இன்னொரு பிரச்சினை, பலருக்கும் கண்ணில் படாதது: தளம். நகருக்குள் வாய்க்கால்களுக்குச் சிமெண்டுச் சுவர் எழுப்பித் தளமும் போட்டதால் கரை அரிப்பு நின்றது, ஆக்கிரமிப்பும் ஓரளவு தடைபட்டது. ஆனால் ஆறு மீட்டர் அகலத் தட்டைத் தளத்தில் கோடையில் ஓடுவது கணுக்கால் அளவுக் கழிவுநீர். அது தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி பரந்து, வேகம் செத்து, வண்டலைப் படிய விடுகிறது. கழிவுநீர் தன் கசடைத் தானே இழுத்துச் செல்ல வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகம் வேண்டும். தளத்தின் நடுவே இரண்டடி அகலத்தில் ஒரு சிறு பள்ளக்கால் விட்டிருந்தால் அதே தண்ணீர் அதற்குள் ஒடுங்கி வேகமாகப் போயிருக்கும். புதிதாகத் தளம் போடும் வேலை உங்கள் பகுதிக்கு வந்தால் இதை முன்கூட்டியே கேளுங்கள். கான்கிரீட் போட்டு முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

கோடையில் எவ்வளவு ஓடுகிறது என்று நீங்களே அளக்கலாம், மனுவில் போட எண் கிடைக்கும். வளைவில்லாத ஓர் இடத்தில் கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். ஆரஞ்சுப் பழத்தோலோ சிறு தேங்காய் மட்டையோ மேல்கோட்டுக்குச் சற்று முன்னால் நடு ஓட்டத்தில் எறிந்து, இரண்டாவது கோட்டைத் தொட எத்தனை வினாடி என்று ஐந்து முறை பார்த்து சராசரி எடுங்கள். காற்று பலமாக இருந்தால் வேண்டாம். மிதக்கும் பொருளைக் காற்றே தள்ளும். 25 வினாடி என்றால் மேற்பரப்பு வேகம் 0.4 மீட்டர். அடியில் மெதுவாகத்தான் ஓடும் என்பதால் 0.8-ஆல் பெருக்குங்கள்: 0.32. நீரின் அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 0.3 மீட்டர் என்றால் 1.2 சதுர மீட்டர். பெருக்கினால் வினாடிக்கு 384 லிட்டர். ஒரு நாளைக்குச் சுமார் 3 கோடியே 30 லட்சம் லிட்டர். காலை ஏழு மணிக்கும் பின்னிரவு மூன்று மணிக்கும் அளந்து பாருங்கள். மழையே இல்லாத நாளில் காலையில் பல மடங்கு கூடினால், ஓடுவது நதியல்ல, வீடுகளின் குளியலறை.

அந்தக் கழிவு எங்கிருந்து வருகிறது? மதுரையில் பாதாளச் சாக்கடை உண்டு; அவனியாபுரம் வெள்ளைக்கல்லிலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. இடையில் மூன்று ஓட்டைகள். இணைப்பே வாங்காமல் செப்டிக் டேங்க் வழிவை வாய்க்காலில் விட்ட வீடுகள் ஒன்று. இணைப்பு இருந்தும் சமையலறை, துணி துவைக்கும் தண்ணீரை மட்டும் மழைநீர் வடிகாலில் விட்டவை இரண்டு. பிரதானக் குழாயோ நீரேற்று நிலையமோ நின்றுபோகும்போது ஆள்நுழைவுக் குழியிலிருந்து வழிவது மூன்றாவது. எந்தக் குழாய் எந்த வீட்டுடையது என்று சந்தேகம் வந்தால் சாயம் ஊற்றிப் பார்ப்பார்கள். பொட்டாசியம் பர்மாங்கனேட் ஊற்றிவிட்டு, நிறம் வரவில்லை, அப்படியானால் இணைப்பு இல்லை என்று முடிவு கட்டுவது வழக்கமான தவறு. கழிவில் உள்ள கரிமப் பொருள் பர்மாங்கனேட்டின் நிறத்தை நிமிடங்களில் தின்றுவிடும். கேசரிப் பவுடர் போன்ற உணவுச் சாயம் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, பின்னாலேயே இரண்டு வாளி வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். கால் மணி நேரம் காத்திருங்கள்.

இனி உங்கள் வீட்டுக்குள் ஏறும் தண்ணீர். குளியலறை ஓட்டை வழியாக வருகிறது என்றால் அது தெருத் தண்ணீர் அல்ல, குழாய் எதிர்த்து அடிப்பது. வெளியே உள்ள சாக்கடை மட்டம் உங்கள் குளியலறைத் தரையைவிட உயரும்போது குழாய் வழியே தண்ணீர் சமன் தேடுகிறது. தெருவுக்குத் திரும்பத் திரும்பத் தார் போட்டு ரோடு உயர்ந்து, பழைய வீடுகள் குழிக்குள் போனதால் இது கூடிக்கொண்டே வருகிறது. தீர்வு, வீட்டுக் கடைசிச் சேம்பருக்குள் வெளியேறும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணீரை வெளியே மட்டும் விட்டு உள்ளே திரும்ப விடாத வால்வு. 4 அங்குலக் குழாய்க்குத் தொங்கு மூடி வகை போதும். மூடி வெளிப்பக்கம் திறக்க வேண்டும்; மாற்றிப் பொருத்திய பிளம்பர்கள் இருக்கிறார்கள். மாட்டியபின் உள்ளிருந்து இரண்டு வாளி ஊற்றிப் போகிறதா என்றும், வெளியிலிருந்து கையால் தள்ளினால் மூடிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். முடி, துணி நூல், ஷாம்பு பாக்கெட் ஒன்று மூடியிடுக்கில் நின்றால் போதும், வால்வு இருந்தும் இல்லாததற்குச் சமம். மாதம் ஒரு முறை, ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை திறந்து கழுவுங்கள். வால்வு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மழை உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் துவைக்கும் இயந்திரத்தைப் போடாதீர்கள், மாடித் தண்ணீரை அதே சேம்பரில் விட்டிருந்தால் அதை முதலில் பிரித்துவிடுங்கள். மாடித் தண்ணீர் சாக்கடையில் இறங்கினால் வால்வு உங்கள் வீட்டையே தொட்டியாக்கிவிடும்.

மூடிய பகுதியில் அடைப்பு என்றால் ஆளை இறக்குவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. கையால் கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கி நிற்கும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. வாடை நின்றுவிட்டது என்று இறங்கியவர்கள்தான் செத்திருக்கிறார்கள்.

கொசுவைப் பற்றி ஒரு குழப்பம் தெளிய வேண்டும். வாய்க்காலில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ். இரவில் கடிப்பது, யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. அது உங்கள் மாடித் தொட்டி, பூச்சாடித் தட்டு, டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு போன்ற நல்ல தண்ணீரில் முட்டையிடும். வாய்க்காலில் மருந்தடித்துவிட்டதால் டெங்கு வராது என்று இருந்துவிடக் கூடாது. கியூலெக்ஸ் முட்டையிலிருந்து கொசுவாகச் சுமார் ஏழு முதல் பத்து நாள். எனவே தேங்கிய இடங்களில் வாரம் ஒரு முறை எண்ணெயோ புழுக்கொல்லியோ விழ வேண்டும். மாதம் ஒரு முறை புகையடிப்பது கண்துடைப்பு. ஓடுகிற தண்ணீரில் புழு நிற்காது. தேங்கும் மூலைகளும் ஆகாயத்தாமரையின் அடியும்தான் அதன் வீடு.

மனு கொடுப்பதில் பாதித் தோல்வி, தவறான கதவைத் தட்டுவதால். வாய்க்காலை நீர்நிலையாகப் பார்ப்பது நீர்வளத்துறை, நகர எல்லைக்குள் குப்பை, தூர், கழிவு இணைப்பு எல்லாம் மாநகராட்சி, நில எல்லையும் ஆக்கிரமிப்பும் வருவாய்த்துறை. ஒரே தாளில் மூன்றையும் எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவருக்கு அனுப்பிவிடுவார்கள். தனித்தனியாக எழுதுங்கள்: வார்டு எண், எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை, எத்தனை மீட்டர், என்ன வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும், முதல்வர் உதவி எண் 1100-லும் பதியலாம். தூர்வாரியதாகச் சொல்லும் வேலையில் சந்தேகம் இருந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அந்த வேலையின் மதிப்பீட்டு நகலும் அளவுப் புத்தக நகலும் கேளுங்கள். எத்தனை கன மீட்டர் மண் எடுத்ததாக அதில் எழுதியிருக்கும். அதை நீளத்தாலும் அகலத்தாலும் வகுத்தால் சராசரி எவ்வளவு ஆழம் தோண்டியதாகக் கணக்கு என்று தெரிந்துவிடும். பிறகு கோலை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கரையோரத்தில் மனையோ வீடோ வாங்க நினைப்பவர்களுக்கு: பத்திரத்தில் "தெற்கே வாய்க்கால்" என்று எல்லை போட்டிருப்பது போதாது. நகருக்குள் டவுன் சர்வே பதிவேட்டுச் சாற்றும் (பதிவின் நகல்) புலப்பட நகலும் (நில அளவை வரைபடம்) வாங்குங்கள். புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கின் அகலம் மீட்டரில் இருக்கும். தரையில் டேப் பிடித்து ஒப்பிடுங்கள். படத்தில் 12 மீட்டர், தரையில் 7 மீட்டர் என்றால் மிச்ச 5 மீட்டர் யார் வீட்டுக்குள்ளோ இருக்கிறது. அது நீங்கள் வாங்கும் வீடாகவும் இருக்கலாம். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் உரிமை ஆகாது. புறம்போக்கு என்றால் 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நோட்டீஸ் எந்த நாளும் வரலாம்.

ஊரைத் தாண்டினால் கிருதுமால் இன்னும் பாசன நதிதான். கீழே உள்ள கண்மாய்களுக்கு வைகைத் தண்ணீரை விரகனூர் மதகணையிலிருந்து கால்வாய் வழியே கிருதுமாலில் விடுவதுண்டு. ஆனால் அந்தத் தண்ணீர் சேர்வது நகருக்குக் கீழே. உங்கள் தெருவைக் கழுவ அது வராது. நகரின் குப்பையும் கழிவும் கீழே உள்ளவர்கள் மடைக்குப் போய்ச் சேர்கிறது என்பதால், அங்குள்ள பாசனக்காரர்களும் உங்கள் கட்சிதான். மனுவில் அவர்களையும் சேர்த்துக்கொண்டால் நீர்வளத்துறையில் பேச்சுக்கு எடை கூடும்.

கடைசியாக ஆழ்துளைக் கிணறு. வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருந்தால் வருடம் இரண்டு முறை, ஒரு முறை கோடையிலும் ஒரு முறை மழைக்குப் பிறகும், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முடிவில் இரண்டு வரியைப் பாருங்கள்: 100 மி.லி.யில் ஈ.கோலை இருக்கவே கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஈ.கோலை இருந்தால் கொதிக்க வைத்துச் சமாளிக்கலாம். நைட்ரேட் கூடியிருந்தால் கொதிக்க வைத்துப் பலனில்லை. தண்ணீர் ஆவியாகி நைட்ரேட் அப்படியே நிற்பதால் அளவு இன்னும் கூடும். அந்தத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கக் கொடுக்காதீர்கள்.